கல் போனது, படி இருக்கிறது

தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து புறப்படும் காவடிகள் டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயிலில் வந்து இறங்கும். தோள் வலிக்க நடந்து வந்தவர்கள் தண்ணீர் குடித்துவிட்டு நிமிர்ந்தால், சாலைக்கு அப்பால் மரம் அடர்ந்த ஒரு மேடு தெரியும். ஃபோர்ட் கேனிங் குன்று அது. மலாய்க்காரர்கள் அதற்கு வைத்த பெயர் புக்கிட் லாராங்கான், ஏறக்கூடாத குன்று. பழைய அரசர்கள் அங்கே அடங்கியிருப்பதாக நம்பி, ஆங்கிலேயர் வந்த காலத்தில் உள்ளூர் மக்கள் மேலே ஏற அஞ்சினார்கள். சிங்கப்பூரின் முதல் தொல்லியல் அகழாய்வு 1984 ஜனவரியில் அந்தக் குன்றில்தான் நடந்தது.

எங்கள் குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் கீழடியைப் பற்றி ஏதாவது ஒரு காணொளி வராத மாதமே இல்லை. நானும் ஆர்வமாகப் பார்க்கிறேன், அடுத்தவர்களுக்கு அனுப்புகிறேன். ஆனால் வருடா வருடம் காவடிக்குப் பின்னால் நடந்து வந்தும், கோயிலுக்கு எதிரே இருக்கும் மேட்டில் 700 ஆண்டுப் பழைய நகரம் ஒன்று புதைந்து கிடந்தது எங்கள் வீட்டில் பலருக்குத் தெரியவில்லை. எனக்கே நாற்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது. கைப்பேசியில் கீழடியை இவ்வளவு அருகில் கொண்டுவந்த அதே தொழில்நுட்பம் இந்தக் குன்றுக்கு என்ன செய்திருக்கிறது, இன்னும் என்ன செய்யலாம் என்று அப்போதிருந்து தேடித் தேடிப் படித்து வருகிறேன்.

முதலில் குன்றைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 1822ல் ஜான் கிராஃபர்ட் என்ற பிரிட்டிஷ் அதிகாரி இங்கே வந்தபோது செங்கல் அடித்தளங்களையும், யாரோ என்றோ நட்டுவிட்டுப் போன பழமரங்களையும், மண்ணில் கிடைத்த சீன நாட்டுச் சோங் காலத்துக் காசுகளையும் பற்றி எழுதிவைத்தார். 1928ல் நீர்த்தேக்கத்துக்காகத் தோண்டிய தொழிலாளிகளின் கையில் தங்க நகைகள் கிடைத்தன. அவற்றில் காலமுகம் என்ற காவல் பூதத்தின் முகம் பொறித்த ஒரு தோள்வளையும் உண்டு, கிழக்கு ஜாவா வேலைப்பாடு. பிறகு 1984ல் தேசிய அரும்பொருளகத்தின் அழைப்பில் ஜான் மிக்சிக் என்ற தொல்லியலாளர் வந்து பத்து நாள் தோண்டினார். 1819ல் ஆங்கிலேயர் ராஃபிள்ஸ் வருவதற்கு முன் இந்தத் தீவில் சொல்லும்படியாக எதுவும் இல்லை என்ற பழைய பேச்சு அதோடு முடிந்தது. 14ஆம் நூற்றாண்டு மண்ணடுக்கு கலையாமல் அப்படியே இருந்தது. சீனப் பீங்கான், கண்ணாடி மணி, உள்ளூர் மண்பாண்ட ஓடு எல்லாம் அதில் கிடைத்தன. வாங் தாயுவான் என்ற சீனப் பயணி 1349 வாக்கில் எழுதிவைத்த துமாசிக், அதாவது பழைய சிங்கப்பூர், வெறும் கதை இல்லை, ஆட்கள் வாழ்ந்து வணிகம் செய்த ஊர் என்பதற்கு மண்ணே சாட்சி சொன்னது.

குன்றின் மேல் ஆங்கிலேயர் கோட்டை கட்டத் தொடங்கியது 1859ல். கீழே செட்டியார்கள் தண்டாயுதபாணிக்குக் கோயில் எழுப்பியதும் 1859ல்தான். இந்த மாதிரி ஆண்டுகள் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு ஒரு சிலிர்ப்பு வரும். இன்னொரு ஜோடி ஆண்டும் இருக்கிறது. அதற்கு வருகிறேன்.

வெடிவைத்த கல்

சிங்கப்பூர் ஆற்றின் முகத்தில் ஒரு பெரிய மணற்பாறை நின்றது. ஏறத்தாழ 3 மீட்டர் உயரம், அதே அளவுக்கு அகலம். அதன் முகத்தில் சுமார் 50 வரிகள் பொறிக்கப்பட்டிருந்தன. 1819ல் காடு வெட்டியபோது கண்ணில் பட்ட அந்தக் கல்லைப் படிக்க வந்தவர்கள் ஏராளம். ஒருவராலும் முடியவில்லை.

மலாய் மரபுக் கதையில் இந்தக் கல்லுக்கு ஒரு பிறப்பு உண்டு. பாடாங் என்ற பலசாலியோடு மோத கலிங்க நாட்டிலிருந்து ஒரு வீரன் வந்தானாம். அவனால் முழங்கால் வரைக்கும் தூக்க முடிந்த பாறையைப் பாடாங் தலைக்கு மேல் தூக்கி ஆற்றுமுகத்தில் எறிந்தானாம். மலாய் வழக்கில் கலிங்கம் என்றால் நம் கரையையும் சேர்த்துத்தான் குறிக்கும். ஆக, கதையிலேயே நம் ஆள் ஒருவர் வந்து தோற்றுப் போகிறார்.

கல்லை நேரில் பார்த்து எழுதியவர்களில் முக்கியமானவர் முன்ஷி அப்துல்லா. நாகூரில் குடியேறிய ஏமன் நாட்டவர் ஒருவர் தமிழ்ப் பெண்ணை மணந்ததில் கிளைத்த குடும்பம் அவருடையது. மலாக்காவில் வளர்ந்த அவர் தமிழும் படித்தவர். கல்லைப் படிக்க வந்தவர்கள் என்னென்ன செய்தார்கள் என்று அவர் விவரமாகச் சொல்கிறார். சிலர் மாவைப் பிசைந்து எழுத்தின் மேல் அப்பி அச்செடுத்தார்கள். சிலர் விளக்குக்கரியைக் குழைத்துப் பூசி எழுத்தைத் தெளிவாக்கப் பார்த்தார்கள். வில்லியம் பிளாண்ட் என்ற மருத்துவரும் மாவால் அச்செடுத்துத்தான் ஒரு படி வரைந்தார். அந்தப் படியை ஜேம்ஸ் பிரின்செப் 1837ல் கல்கத்தாவில் அச்சிட்டார். அசோகரின் பிராமி எழுத்தைப் படித்துக்காட்டிய அதே பிரின்செப்தான். அவராலும் இதில் சில எழுத்துகளுக்கு மேல் பிடிக்க முடியவில்லை.

1843ல் ஆற்றுமுகத்தை அகலப்படுத்தவும் அங்கிருந்த ஃபுல்லர்ட்டன் கோட்டைக்கு இடம் எடுக்கவும் பாறைக்கு வெடிவைத்துவிட்டார்கள். சிதறியதில் எழுத்துள்ள சில துண்டுகளை ஜேம்ஸ் லோ என்ற பிரிட்டிஷ் அதிகாரி பொறுக்கியெடுத்துக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். அவற்றில் ஒன்று மட்டும் 1918ல் இரவலாகத் திரும்பி வந்தது. இன்று தேசிய அரும்பொருளகத்தில் நாம் பார்ப்பது அந்தத் துண்டைத்தான். நான் சொன்ன இன்னொரு ஜோடி ஆண்டு இதுதான். சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலில் இன்றும் நிற்கும் ஆகப் பழைய செங்கல் கட்டுமானம் 1843ஐச் சேர்ந்தது. ஒரு மைலுக்குள், ஒரே ஆண்டில், ஒன்று எழுந்தது, ஒன்று உடைந்தது.

கல்லில் மிச்சம் இருப்பது கொஞ்சம். மற்ற வரிகளைப் பற்றி இன்று யார் எதைப் பேசினாலும் அது அந்த மாவு அச்சையும், உடைந்த துண்டுகளைப் பார்த்து வரைந்த ஓரிரு படங்களையும் வைத்துப் பேசுவதுதான். அசல் போன பிறகு 180 ஆண்டுகளாக ஆராய்ச்சிக்குச் சோறு போடுவது அந்தப் படிகள். 2019ல் ஐயன் சின்கிளேர் என்ற ஆய்வாளர், ‘கேசரிவ’ என்று வாசிக்கத்தக்க எழுத்துகள் இருப்பதாகவும், அது சோழ அரசர்களின் பட்டமான ‘பரகேசரிவர்மன்’ என்பதன் பகுதியாக இருக்கலாம் என்றும் முன்வைத்தார். முதலாம் இராஜேந்திரன் ஒரு பரகேசரி. 1025ல் கடற்படை அனுப்பி ஸ்ரீவிஜயத்தையும் கடாரத்தையும் தாக்கியவன். செய்தி வந்த அன்று நம்மவர்கள் எவ்வளவு உற்சாகமாகப் பகிர்ந்துகொண்டார்கள் என்று எனக்கு நினைவிருக்கிறது.

இந்தக் கடல்பகுதியில் தமிழ் எழுத்து கிடைப்பது அதிசயம் இல்லை. தாய்லாந்தின் தகுவாபாவில் 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ‘அவனிநாரணம்’ என்ற குளத்தைப் பேசுகிறது. சுமத்ராவின் பாரூஸில் ஐந்நூற்றுவர் வணிகக் குழு 1088ல் வெட்டிவைத்த கல் கிடைத்தது. சீனாவின் சுவான்சோவில் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு உண்டு. ஆனால் சிங்கப்பூர்க் கல்லின் எழுத்து ‘காவி’ என்ற பழைய ஜாவா எழுத்தை ஒட்டியது என்பதுதான் பல அறிஞர்களின் கருத்து. காலத்தையும் 10 முதல் 14ஆம் நூற்றாண்டு வரை ஆளுக்கொரு விதமாகக் கணிக்கிறார்கள். சின்கிளேரின் வாசிப்பு அக்கறையோடு சோதிக்க வேண்டிய ஒரு கருத்து, முடிந்துபோன முடிவு இல்லை. சோழன் பெயர் அங்கே இருக்க வேண்டும் என்று எனக்கும் ஆசைதான். என் ஆசை எழுத்தாகாது.

மைப்படியிலிருந்து ஒளிப்படிக்கு

‘படி’ என்ற சொல்லை நான் வேண்டுமென்றேதான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். கல்வெட்டுத் துறையில் அது அன்றாடச் சொல். கல்லைக் கழுவி, ஈரத்தாளை ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டித் தாளை எழுத்துப் பள்ளத்துக்குள் இறக்கி, மேலே மை ஒற்றி எடுப்பார்கள். எழுத்து வெள்ளையாகவும் சுற்றிலும் கறுப்பாகவும் வரும். அதுதான் மைப்படி. தஞ்சைப் பெரிய கோயில் முதல் கிராமத்து ஏரிக்கரை வரை தமிழ்க் கல்வெட்டுகள் அறிஞர் கைக்கு வந்தது இப்படித்தான். இந்த நூற்றாண்டில் நாம் மின்னிலக்கம் என்று பெரிதாகப் பேசுவதில் பாதி, அதே படியெடுப்பின் அடுத்த கட்டம்.

தேய்ந்த எழுத்துக்கு ஆக உதவியான ஒரு முறையைச் சொல்கிறேன். நம் வீட்டுப் பித்தளைப் பாத்திரத்தில் பெயர் வெட்டியிருப்பார்கள் இல்லையா, பல வருடம் புளி போட்டுத் தேய்த்தபின் நேராகப் பார்த்தால் தெரியாது. சன்னலோரம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பிடித்தால் தெரியும். வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது மெல்லிய பள்ளத்துக்கும் நிழல் விழுகிறது, அவ்வளவுதான். 2001ல் டாம் மால்ஸ்பெண்டர் என்பவர் எச்பி நிறுவன ஆய்வகத்தில் இதைக் கணக்காக்கினார். கேமராவை அசையாமல் நிறுத்திவிட்டு விளக்கை மட்டும் இடம் மாற்றி மாற்றி நாற்பது ஐம்பது படம் எடுக்க வேண்டும். பக்கத்தில் ஒரு கறுப்புப் பளிங்கு உருண்டை இருக்கும். அதில் விழும் மினுக்கைக் கொண்டு ஒவ்வொரு படத்திலும் வெளிச்சம் எந்தத் திசையிலிருந்து வந்தது என்று மென்பொருள் தெரிந்துகொள்ளும். படத்தின் ஒவ்வொரு புள்ளியும் வெளிச்சம் மாற மாற எப்படிக் கூடிக் குறைகிறது என்று பார்த்தால், அந்த இடத்தில் கல்லின் முகம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று கணக்கிட்டுவிடலாம். அப்புறம் கல் இருக்கும் ஊருக்கே போகாமல், வீட்டில் உட்கார்ந்து திரையில் விளக்கை நகர்த்தி நகர்த்தி எழுத்தைத் தேடலாம்.

மைப்படியைவிட இதில் ஒரு பெரிய நன்மை, கல்லைத் தொடவே வேண்டாம். மாவோ மையோ படாது. இன்னொன்று எனக்கு அதைவிட முக்கியமாகப் படுகிறது. மாவு அச்சைப் பார்த்து வரைந்த மருத்துவர், எழுத்தென்று தன் கண்ணுக்குப் பட்டதைத்தான் வரைந்தார். வெறும் கீறல் என்று நினைத்ததை விட்டிருப்பார். அவர் விட்டதில் ஒரு மெய்ப்புள்ளியோ துணையெழுத்தோ இருந்திருந்தால் நமக்கு அது போனது போனதுதான். ஒளிப்படியோ கீறலையும் எழுத்தையும் வேறுபடுத்தாமல் எல்லாவற்றையும் சேர்த்து எடுத்துவைக்கும். எது எழுத்து என்று தீர்மானிக்கும் உரிமை பின்னால் வருகிறவருக்கும் மிஞ்சுகிறது.

கோயில், கல்லறை, பள்ளம் மாதிரி பெரிய உருவங்களுக்கு வேறு முறை. சுற்றிச் சுற்றி ஒன்றோடொன்று பாதிக்கு மேல் ஒட்டி வருமாறு நூற்றுக்கணக்கில் படம் எடுத்தால், ஒரே புள்ளி பல படங்களில் எங்கெங்கே விழுகிறது என்று பார்த்து மென்பொருள் முப்பரிமாண உருவத்தைக் கட்டிவிடும். நம் இரண்டு கண்ணும் தூரத்தைக் கணிப்பது போலத்தான். நல்ல கைப்பேசி போதும். ஆனால் அளவுகோல் ஒன்றைச் சட்டத்துக்குள் வைக்க மறந்தால், வந்த உருவம் எறும்பா யானையா என்று பிறகு யாருக்கும் தெரியாது. காட்டுக்குள் கிடக்கும் இடங்களுக்கு விமானத்திலிருந்து லேசர்க் கதிர் பாய்ச்சி, இலை இடுக்கில் நுழைந்து தரையைத் தொட்டுத் திரும்பியதை மட்டும் சலித்தெடுப்பார்கள். 2012ல் கம்போடியாவில் அங்கோரைச் சுற்றிய காட்டுக்குள் தெருக்களும் குளங்களும் இப்படித்தான் வெளிப்பட்டன.

சரி, செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்தால் சிங்கப்பூர்க் கல்லைப் படித்துவிடாதா? நண்பர்கள் கேட்கிற முதல் கேள்வி இது. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழக மொழியியலாளர்கள் கல்லின் எழுத்துகளைக் கணினிக்குப் பெயர்த்து, அழிந்த இடத்தில் என்ன வந்திருக்கலாம் என்று நிரலைக் கொண்டு ஊகிக்கும் முயற்சியைத் தொடங்கியிருக்கிறார்கள். நல்ல முயற்சி. ஆனால் எதிர்பார்ப்பை அளவாக வைத்துக்கொள்வது நல்லது. 2022ல் டீப்மைண்ட் நிறுவனத்தார் ‘இதாக்கா’ என்ற நிரலைப் பழைய கிரேக்கக் கல்வெட்டுகளுக்காக வெளியிட்டார்கள். அழிந்த எழுத்துகளை அது தனியாக 62 விழுக்காடு சரியாக நிரப்பியது. வரலாற்றாசிரியர்கள் தனியாகச் செய்தபோது 25 விழுக்காடு. அதன் துணையோடு அவர்கள் செய்தபோது 72 விழுக்காடு. இந்த வெற்றிக்குப் பின்னால் கணினி முன்கூட்டியே படித்த பல்லாயிரம் கிரேக்கக் கல்வெட்டுகள் இருக்கின்றன. சிங்கப்பூர்க் கல்லுக்கு அப்படிப் பங்காளிகள் இல்லை. இருந்ததே 50 வரி, அதிலும் பெரும்பகுதி வெடியில் போயிற்று. உண்ணக் கொடுக்க ஒன்றும் இல்லாத இடத்தில் எந்த இயந்திரமும் வளராது.

இதைப் படித்தபோது எனக்கு மனம் போனது தமிழ்க் கல்வெட்டுகள் பக்கம். அவை பல்லாயிரக்கணக்கில் இருக்கின்றன. படி எடுத்தும் அச்சேறாதவை அவற்றில் நிறைய. அவை நல்ல தரத்தில் மின்வடிவம் பெற்றால் இதாக்கா போன்ற ஒன்று தமிழுக்கும் சாத்தியம்.

ஓடும் அதன் முகவரியும்

கல்லும் தங்கமும் செய்தியில் வரும். தொல்லியலின் அன்றாடம் ஓடு. 2015ல் சிங்கப்பூர் ஆற்றங்கரையில் உள்ள எம்பிரஸ் பிளேஸில் சுமார் மூன்று மாதம் தோண்டியதில் ஏறத்தாழ 3 டன் பொருள்கள் கிடைத்தன. சிங்கப்பூரில் அகழாய்வு பெரும்பாலும் கட்டுமான வேலை தொடங்கும் முன் கிடைக்கும் சின்ன இடைவெளியில் நடப்பது. பள்ளம் பிறகு திரும்ப வராது, மேலே கான்கிரீட் ஏறிவிடும். எனவே எடுக்கும்போதே குறித்துக்கொண்டால்தான் உண்டு.

தொண்டூழியராகச் சில சனிக்கிழமைகள் ஓடு கழுவியிருக்கிறேன். வாளியில் தண்ணீர், கையில் பழைய பல் துலக்கும் பிரஷ், முன்னால் ஒரு தட்டு நிறைய மண் அப்பிய சில்லுகள். முதல் அரைமணி நேரத்தில் உற்சாகத்தில் இரண்டு பைகளின் சில்லுகளை ஒரே தட்டில் போட்டுக் கழுவிவிட்டேன். பக்கத்தில் இருந்த அம்மா ஒருவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். கோபப்படவில்லை. பையில் இருந்த சீட்டைக் காட்டினார். எந்தக் குழி, எந்தச் சதுரம், எந்த அடுக்கு, எந்த நாள். “ஓட்டைத் தொலைத்தால் ஒரு ஓடு போகும் தம்பி. சீட்டைத் தொலைத்தால் எல்லா ஓடும் போகும்” என்றார். அன்று நான் கலந்தது நல்லவேளையாக ஒரே குழியின் ஒரே அடுக்கிலிருந்து வந்த இரண்டு பைகள்.

அந்தச் சீட்டுதான் இன்று தரவுத்தளமாகிறது. அளவைக் கருவி ஒன்று லேசர் கொண்டு ஒவ்வொரு பொருள் கிடைத்த இடத்தையும் நீளம், அகலம், ஆழம் என மூன்று எண்ணாகப் பதிகிறது. வரைபட மென்பொருளில் அந்த எண்களைப் போட்டால் மூடப்பட்ட குழி திரையில் மறுபடி திறக்கிறது. பச்சைப் பீங்கான் எந்த மூலையில் குவிந்தது, உள்ளூர்ச் சமையல் பானை எங்கே, காசு எங்கே என்று நிறம் நிறமாகப் பிரித்துப் பார்க்கலாம். கையடக்க எக்ஸ்ரே கருவி ஒன்றைக் கண்ணாடி மணிமேல் வைத்தால் அதில் என்னென்ன தனிமங்கள் என்று சொல்லும். ஈயம் மிகுந்த கண்ணாடி பெரும்பாலும் சீனப் பக்கத்துக் கைவேலை. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் செய்த கண்ணாடிக்கு அலுமினா மிகுந்த வேறு கலவை உண்டு. வெறும் கண்ணுக்கு இரண்டும் ஒரே சிவப்பு மணி.

தரவு சேரச் சேர நிலமும் கடலும் பேசிக்கொள்கின்றன. பெட்ரா பிராங்கா தீவுக்கு அருகே மூழ்கிக் கிடந்த 14ஆம் நூற்றாண்டுக் கப்பல் ஒன்றை 2016 முதல் 2019 வரை மைக்கேல் ஃபிளெக்கர் தலைமையில் ஆய்ந்தார்கள். செய்தி வெளியானது 2021ல். சுமார் மூன்றரை டன் பீங்கான், பெரும்பாலும் உடைந்தது. உலகில் இதுவரை பதிவான எந்தக் கப்பற்சிதைவிலும் இத்தனை சீன யுவான் அரசர் காலத்து நீலவெள்ளைப் பீங்கான் கிடைத்ததில்லை. அதே காலத்து அதே வகைப் பீங்கான் ஃபோர்ட் கேனிங்கிலும் ஆற்றங்கரையிலும் கிடைத்திருக்கிறது. அந்தச் சரக்கு இறங்கவேண்டிய ஊர் துமாசிக்காகவே இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுவதற்கு இந்த ஒற்றுமைதான் அடிப்படை. பக்கத்திலேயே கிடைத்த இன்னொரு கப்பல், 1796ல் சீனாவிலிருந்து இந்தியாவுக்குத் திரும்பும் வழியில் மூழ்கிய ஷா முன்ச்சர் என்று கருதப்படுகிறது. இந்தியாவில் கட்டிய வணிகக் கப்பல் அது.

பெயர் தெரிந்தால்தான் தேடமுடியும்

இவ்வளவும் இணையத்தில் ஏறிவிட்டால் எல்லோருக்கும் கிடைத்துவிடும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சில வருடம் முன்பு ஒரு மின்காப்பகத்தில் ‘சுண்ணாம்புக் கம்பம்’ என்று தேடினேன். ஒன்றும் வரவில்லை. தேக்காவில் சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்த காலத்தில் நம் ஆட்கள் அந்த வட்டாரத்தை அப்படித்தான் சொன்னார்கள். வீரமாகாளியம்மன் கோயிலுக்கே சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில் என்றுதான் பெயர். ஆங்கில எழுத்தில் அந்தப் பெயரை நாலைந்து விதமாகத் தட்டிப் பார்த்தேன். ஏதோ ஒரு எழுத்துக்கூட்டலில் இரண்டு படங்கள் வந்தன. படம் இருக்கிறது, ஆனால் அதற்குப் போகும் வழி நம் மொழியில் இல்லை.

சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. கல்லில் நம் பெயர் இருக்கிறதோ இல்லையோ, செங்கல்லிலும் சாந்திலும் நம் கை இருக்கிறது. 1825ல் பென்கூலனிலிருந்து கொண்டுவரப்பட்ட இந்தியக் கைதிகளும் அவர்களுக்குப் பின் வந்தவர்களும் இந்த ஊரின் சாலைகளையும் கட்டடங்களையும் எழுப்பினார்கள். செயிண்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயச் சுவரில் பூசியிருப்பது மதராஸ் சாந்து. கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, தேங்காய் மட்டை ஊறிய நீர் கலந்தது. மார்க்கெட் தெருவில் ஒரு காலத்தில் இருந்த செட்டியார் கிட்டங்கிகளும், அதாவது வட்டிக்கடைகளும், அப்படி நம் சொல்லோடு ஒட்டிய இடங்கள். இந்தச் சொற்கள் தேடுபெட்டியில் வேலை செய்யாவிட்டால், படத்துக்கும் அந்தப் படத்தில் இருப்பவரின் பேரனுக்கும் நடுவே சுவர் நிற்கும்.

நல்லதும் நடந்திருக்கிறது. 1887ல் தொடங்கிய ‘சிங்கை நேசன்’, 1935ல் கோ. சாரங்கபாணி தொடங்கிய ‘தமிழ் முரசு’ ஆகியவற்றின் பழைய பக்கங்களை நூலகத்துக்குப் போய்க் காத்திருக்காமலே பார்க்கலாம். சிங்கப்பூரின் பொன்விழா ஆண்டான 2015ல் அருண் மகிழ்நன் தலைமையில் தொண்டூழியர்கள் ஒன்றுசேர்ந்து, அதற்கு முந்தைய 50 ஆண்டுத் தமிழ் இலக்கிய நூல்களை மின்மயமாக்கித் தேசிய நூலக வாரியத்தோடு சேர்ந்து பொதுமக்களுக்குக் கொடுத்தார்கள். அரசு மட்டும் செய்திருக்க முடியாத வேலை அது. எழுத்தாளர்களின் வீடு தேடிப் போய் அனுமதி கேட்க ஆள் வேண்டியிருந்தது. அடுத்த சிக்கல், படமாக இருக்கும் பக்கத்தை எழுத்தாக மாற்றுவது. 1978க்கு முந்தைய தமிழ் அச்சில் துதிக்கை தூக்கிய லை, ணை, னை எல்லாம் இருக்கும். இன்றைய எழுத்துக்குப் பழகிய மென்பொருள் அங்கே தடுமாறும். மையும் மங்கியிருந்தால் ‘ளை’ என்பதும் ‘னை’ என்பதும் ஒன்றாகிவிடும். மனிதக் கண் ஒன்று உட்கார்ந்து திருத்தித்தான் ஆகவேண்டும்.

கணினி கட்டிக்காட்டும் பழைய நகரக் காட்சிகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். துமாசிக் அரண்மனை, கூரை, தோரணம், நடமாடும் மக்கள் என்று திரையில் வந்தால் பிள்ளைகள் விழி விரியப் பார்க்கிறார்கள். எனக்கும் பிடிக்கிறது. ஆனால் மண்ணில் கிடைத்தது செங்கல் அடித்தளம். கூரை ஊகம். அடித்தளத்தையும் கூரையையும் ஒரே பளபளப்பில் காட்டும்போது பார்க்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது. இதற்காகவே 2006ல் லண்டன் சாசனம் என்று ஒன்று வகுத்தார்கள். காட்சியில் எது சான்று, எது ஊகம், ஊகத்துக்கு என்ன காரணம் என்பதைச் சேர்த்துப் பதியவேண்டும் என்பது அதன் முக்கிய விதி. ஊகத்தை மங்கலான நிறத்தில் காட்டினாலே போதும், பத்து வயதுப் பிள்ளைக்கும் புரிந்துவிடும்.

கடைசியாகக் கோப்புகளின் ஆயுள். 1986ல் பிரிட்டனில் பிபிசி நிறுவனம் நாட்டு மக்களின் வாழ்க்கையைத் திரட்டி லேசர் தட்டுகளில் பதித்தது. 900 ஆண்டுக்கு முன் தோலில் எழுதிய டூம்ஸ்டே கணக்குப் புத்தகத்தை இன்றும் படிக்க முடிகிறது. அதன் பெயரிலேயே செய்த அந்தத் தட்டுகளை, 15 வருடத்துக்குள் படிக்கக் கருவி கிடைக்காமல் திண்டாடினார்கள். பிறகு பெரும்பாடுபட்டு மீட்டார்கள். நமக்கு இது புதிய பாடம் இல்லை. பனையோலை இருநூறு முந்நூறு வருடத்தில் செல்லரிக்கும். அதற்குள் யாராவது புது ஓலையில் பெயர்த்தெழுதிய நூல்தான் உ.வே.சா. கைக்கு வந்தது. பெயர்த்தெழுதாதது ஆடிப்பெருக்கில் ஆற்றோடு போயிற்று. வன்தட்டும் ஒருவித ஓலைதான், ஆயுள் இன்னும் குறைவு.

எங்கள் வீட்டு அலமாரியில் ஒரு கேசட் இருக்கிறது. பல வருடங்களுக்கு முன்பு அப்பா தன் அத்தையிடம் பேச்சுக் கொடுத்துப் பதிந்தது. அதில் அவர் சுண்ணாம்புக் கம்பத்துக் கோயிலுக்கு நடந்துபோன கதையைச் சொல்கிறார், நடுவே ஒரு பேருந்து ஒலிப்பான் கேட்கும். போன மாதம் அதை மின்கோப்பாக மாற்றினேன். மூன்று இடங்களில் போட்டுவைத்திருக்கிறேன். அப்பாவிடம் கேட்டு இப்போது அதற்கு ஒரு சீட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன்: பேசுபவர் பெயர், பிறந்த ஊர், எந்த வீட்டில் பதிந்தது, எந்த ஆண்டு, அவர் சொல்லும் ஒவ்வொரு இடத்துக்கும் இன்றைய பெயர். ஆண்டு மட்டும் அப்பாவுக்கு நிச்சயமாக நினைவில்லை. பெரிய அக்கா வயிற்றில் இருந்த நேரம் என்கிறார். அதையே எழுதிவைத்திருக்கிறேன்.